இணைந்தன விமானங்கள், இணைந்தனரா மனிதர்கள்?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் - இயற்பியல் மாணவன் ஒருவனின் எண்ணங்கள்)

எங்கள் ஊர் கீழ்க்கட்டளை. விமானத்தின் ஒலி கேளாத நாள் எங்கள் ஊரில் இல்லை. காலையில் பேருந்து நிலையத்தில் நின்று, கல்லூரிக்குப் போக வேண்டிய வண்டி வருமா வராதா என்று சாலையைப் பார்த்துக் கொண்டிருப்போம். அந்நேரம் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தலைக்கு மேலே போகும். சிறுவனாக இருந்தபோது அதைப் பார்த்துக் கையசைத்திருக்கிறேன். இன்று அதை ஓட்டுகிறவரைப் பற்றி நம் ஆண்டு மலரில் ஒரு கட்டுரை எழுதத் துணிந்திருக்கிறேன்.

'விமானத்தில் ஒரு முறையேனும் ஏறியிராத உனக்கு விமானிகளின் கவலை எதற்கு?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்குக் காரணம் நம் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் நடந்த ஒரு வாக்குவாதம். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேலாக ரத்தாயின. விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளும், அதற்கேற்பப் போதிய விமானிகள் இல்லாமையும் காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. "மாசம் லட்சக்கணக்குல வாங்கறவனுக்கு ஓய்வு வேறயாடா? எங்கப்பா மெட்ரோ வேலையில ராத்திரி பகலா நிக்கிறாரு. அவருக்கு யாருடா ஓய்வு கொடுத்தா?" என்றான் ஒரு நண்பன். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் ஆமாம் போட்டவன்தான்.

அன்றிரவு இதை வீட்டில் சொன்னேன். என் தந்தையார் பதினான்கு ஆண்டுகளாக விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "சம்பளம் எவ்வளவுங்கிறது ஒரு பேச்சு. சொன்னதைக் கொடுத்தானாங்கிறது வேற பேச்சு. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாத தம்பி."

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. நூலகத்துக்குப் போனேன். பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். படித்ததன் பயனே இக்கட்டுரை.

சென்னையைத் தொட்ட முதல் தடம்

இந்திய விமானப் போக்குவரத்தின் கதையில் நம் சென்னைக்குத் தொடக்கத்திலேயே இடமுண்டு. 1932 அக்டோபர் 15 ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் பைகளைக் கொண்டு வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டு வந்து சேர்த்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். அந்த டாட்டா நிறுவனமே பின்னாளில் ஏர் இந்தியா ஆயிற்று.

1953 ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்து நாட்டுடைமையாக்கப்பட்டது. உள்நாட்டில் பறந்துகொண்டிருந்த எட்டு நிறுவனங்களின் சேவைகளை ஒன்றாகச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் அமைந்தது. வெளிநாடுகளுக்குப் பறக்க ஏர் இந்தியா தனியாக நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் இவை இரண்டும் தனித்தனிக் குடித்தனம் நடத்தின. ஒன்றின் தலைமை தில்லியில். மற்றதன் தலைமை பம்பாயில். ஊதிய முறை வேறு, பதவி உயர்வு வேறு, தொழிற்சங்கங்களும் வேறு. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு இந்திய வணிக விமானிகள் சங்கம்; ஏர் இந்தியா விமானிகளுக்கு இந்திய விமானிகள் கில்டு.

2007 ஆம் ஆண்டு நடுவண் அரசு இரண்டையும் இணைத்தது. அப்போது நான் நடை பழகிய குழந்தை. இணைப்புக்கு முன்பே புதிய விமானங்கள் வாங்க ஒப்பந்தங்கள் ஆகியிருந்தன. ஏர் இந்தியா தரப்புக்கு 68 போயிங் விமானங்கள்; இந்தியன் ஏர்லைன்சுக்கு 43 ஏர்பஸ் விமானங்கள். மொத்தம் 111. கடன் மலையென ஏறியது. இணைந்த முதல் ஆண்டான 2007-08 இல் இழப்பு ரூ.2,226 கோடி. 2011-12 இல் அது ரூ.7,500 கோடியைத் தாண்டிற்று.

அதே 2007 இல் தனியார் துறையிலும் இணைப்புக் காய்ச்சல் வீசியது. ஜெட் ஏர்வேஸ், சஹாரா நிறுவனத்தை வாங்கியது. கிங்பிஷர், ஏர் டெக்கான் நிறுவனத்தின் பங்குகளை வாங்கியது. விளைவு என்ன? கிங்பிஷர் 2012 இல் பறப்பதை நிறுத்தியது. ஜெட் 2019 இல் நிறுத்தியது. ஏர் இந்தியா மட்டும் மக்களின் வரிப்பணத்தால் உயிர் பிழைத்தது. இணைந்தால் பெருகும் என்று கணக்குப் போட்டவர்கள் அத்தனை பேருக்கும் கணக்கு ஏன் தவறியது? எண்ணெய் விலை, கடன், போட்டி எனக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் நாம் பேசாமல் விடும் ஒன்று மனிதர்களின் கணக்கு.

ஏணியும் படிகளும்

விமானியின் வாழ்வில் பணிமூப்பு என்பது ஓர் ஏணி. வலப்பக்க இருக்கையில் துணை விமானியாகத் தொடங்குகிறார். ஆண்டுகள் பல கழித்து இடப்பக்க இருக்கைக்குக் கேப்டனாக மாறுகிறார். அதற்கும் மேலே, சிறிய விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்குப் போகிறார். பெரிய விமானம், நெடுந்தூரப் பயணம் என்றால் ஊதியமும் படிகளும் கூடும். எந்த ஊரைத் தளமாகக் கொண்டு பணி செய்வது, எந்த நாளில் விடுப்பு எடுப்பது என்பவற்றிலும் மூப்புக்கு மதிப்புண்டு.

இன்னொன்றையும் நாம் அறிய வேண்டும. ஒரு வகை விமானம் ஓட்டத் தெரிந்தவர் மறுநாளே இன்னொரு வகையை ஓட்டிவிட முடியாது. ஏர்பஸ்ஸில் பக்கவாட்டில் உள்ள சிறு கைப்பிடியால் விமானத்தைச் செலுத்துகிறார்கள். போயிங்கில் விமானியின் முன்னே பெரிய பிடிச்சக்கரம் இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயிற்சி, தனித் தேர்வு, தனி உரிமம். ஆகவே நிறுவனம் எந்த விமானத்தை வாங்குகிறது, யாரை அதற்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது என்பது விமானியின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கும் விஷயம்.

இரண்டு ஏணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இனி இது ஒரே ஏணி' என்று சொன்னால் யார் எந்தப் படியில் நிற்பது? நம் சென்னைப் பேருந்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972 இல் தோன்றிய பல்லவன் போக்குவரத்துக் கழகத்திலிருந்து 1994 இல் டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. 2001 இல் இரண்டும் மீண்டும் ஒன்றாகி மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. ஒரு கழகத்தில் பத்தாண்டில் பதவி உயர்வு, மற்றதில் பதினைந்தாண்டு என்று வைத்துக்கொள்வோம். பணிமனையை இணைத்த அன்று இரண்டு நடத்துநர்களில் யார் மூத்தவர்? சேர்ந்த நாளைக் கொண்டு பார்த்தால் ஒருவர். பதவியைக் கொண்டு பார்த்தால் மற்றொருவர். எந்த அளவுகோலை எடுத்தாலும் ஒருவருக்கு இழப்பு உண்டு. அதனால்தான் அளவுகோல் எது என்பதை இணைப்புக்கு முன்பே, இரு தரப்பும் அறியச் சொல்லிவிட வேண்டும் என்கிறேன்.

ஏர் இந்தியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. இணைப்பு 2007 ஆகஸ்டில் நடந்தது. ஊதியத்தையும் தரத்தையும் மூப்பையும் ஒருசீராக்கும் வழி கூற, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு அமைத்தது 2011 மே மாதத்தில். குழு அறிக்கை கொடுத்தது 2012 ஜனவரியில். கல்யாணம் முடிந்து நான்காண்டு கழித்துப் பொருத்தம் பார்க்க உட்கார்ந்த கதை இது!

இரு வேலைநிறுத்தங்கள்

அந்தக் குழுவும் தானாக வந்துவிடவில்லை. 2011 ஏப்ரல் இறுதியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஏறத்தாழ 800 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 'ஒரே நிறுவனம் என்கிறீர்கள். ஒரே வேலை செய்கிறோம். ஊதியம் மட்டும் ஏன் இரண்டு?' என்பது அவர்கள் கேள்வி. நிர்வாகச் சீர்கேடுகளை விசாரிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. பலர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பத்து நாட்களுக்குப் பின் மே 6 இல் சமரசம் ஏற்பட்டது.

ஓராண்டு கழிந்தது. இம்முறை எழுந்தவர்கள் மறு தரப்பினர். பழைய ஏர் இந்தியா வாங்க ஏற்பாடு செய்திருந்த போயிங் 787 'டிரீம்லைனர்' விமானங்கள் வரவிருந்த நேரம். அதற்கான பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பகிர்ந்தளிக்க நிர்வாகம் முடிவு செய்தது. 'எங்கள் விமானம், எங்கள் படி' என்றார்கள் ஏர் இந்தியா விமானிகள். தாங்கள் கேப்டனாகும் காலம் தள்ளிப்போகும் என்பது அவர்கள் அச்சம். 2012 மே மாதம் உடல்நலமில்லை என்று கூட்டமாக விடுப்பு எடுக்கத் தொடங்கிய போராட்டம் ஜூலை முதல் வாரம் வரை 58 நாட்கள் நீடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் ஆனார்கள். வெளிநாட்டு விமானங்கள் பல ரத்தாயின. தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே போராட்டம் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் முதல் டிரீம்லைனர் வந்து இறங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2011 இல் ஒரு தரப்பு 'சமம் வேண்டும்' என்றது. 2012 இல் மறு தரப்பு 'எங்களுக்குரியதைப் பங்கிடாதே' என்றது. இருவரும் தொழிலாளர்கள், இருவருக்கும் ஒரே முதலாளி. ஆனால் ஒருவர் வெற்றி மற்றவருக்குத் தோல்வியாகும்படி நிலைமை அமைந்துவிட்டது. அப்படி அமையவிட்டவர்கள் யார்? விமானத்தின் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்திட்டவர்கள், மனிதர்களின் வரிசையை எழுதாமல் விட்டவர்கள். என் பார்வையில் முதற்பழி அவர்களையே சாரும்.

பழைய பாடம், புதிய வகுப்பு

2022 ஜனவரி 27 இல் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்குப் போயிற்று. அக்குழுமத்திடம் ஏற்கெனவே சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு சேர்ந்து நடத்திய விஸ்தாரா இருந்தது. அதனை ஏர் இந்தியாவுடன் இணைப்பதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். 2023 பிப்ரவரியில் 470 புதிய விமானங்களுக்கான அறிவிப்பு வந்தது. உலகமே வியந்தது. விஸ்தாரா 2024 நவம்பர் 11 இல் தன் பெயரில் கடைசியாகப் பறந்து, மறுநாள் ஏர் இந்தியாவில் கலந்தது.

இந்த முறை ஒருசீராக்கும் வேலையை இணைப்புக்கு முன்பே தொடங்கினார்கள். அது பாராட்டுக்குரியது. ஆனால் தொடங்கிய விதம்? விஸ்தாரா விமானிகளுக்கு அதுவரை மாதம் 70 மணி நேரப் பறப்புக்கான ஊதியம் உறுதியாக இருந்தது. புதிய முறையில் உறுதி 40 மணி நேரத்துக்கு மட்டும். அதற்கு மேல் பறந்தால் பறந்த நேரத்துக்குத் தனியாக உண்டு. இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்குப் போட்டேன். உறுதியான நேரத்தில் ஏழில் மூன்று பங்கு குறைந்தது. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 43. நிறையப் பறப்பவர் இதில் பெரும்பகுதியைத் திரும்ப ஈட்டலாம். பயிற்சியில் இருப்பவரும், நோயுற்றவரும், விமானம் பழுதாகித் தரையில் நிற்பதால் வேலை கிடைக்காதவரும் ஈட்ட முடியாது. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் விமானிகள் பலர் பணிக்கு வராமற்போக, ஒரு வாரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்கள் வரை நிறுவனமே குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

மறு மாதமே அதே குழுமத்தின் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் விமானப் பணியாளர்கள் கூட்டமாக உடல்நல விடுப்பு எடுத்தனர். அங்கேயும் இணைப்பு வேலை நடந்துகொண்டிருந்த நேரம். 25 பேர் நீக்கப்பட்டனர். தொழிலாளர் ஆணையரின் முன் நடந்த பேச்சில் மீண்டும் சேர்க்கப்பட்டனர். பாடப் புத்தகம் மாறியது, பாடம் மாறவில்லை.

தூரமும் உறக்கமும்

ஊதியத்தை மணிக்கணக்கோடு கட்டுவதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. பறந்தால்தான் பணம் என்றால், களைப்பாக இருக்கிறது என்று சொல்லத் தயங்குவார் மனிதர். அந்தத் தயக்கத்தில் அவரோடு நூற்றெண்பது பேரும் பயணம் செய்கிறார்கள்.

இதற்கு ஓர் உலக உதாரணம் சொல்கிறேன். 2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். அவர்கள் பணி தொடங்க வேண்டிய ஊர் நியூவார்க். துணை விமானியின் வீடோ நாட்டின் மறுகோடியில், சியாட்டில் பக்கம். முந்தைய இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் ஏறி வந்து பணியில் சேர்ந்தவர் அவர். கேப்டனின் வீடு புளோரிடாவில். அவர் விமான நிலையப் பணியாளர் அறையில் இரவைக் கழித்தவர். வேகம் குறைகிறது என்று கருவி எச்சரித்தபோது கேப்டன் தவறாகச் செயற்பட்டதே விபத்துக்குக் காரணம் என்றது விசாரணை. இருவரின் செயற்பாட்டையும் களைப்பு பாதித்திருக்கக் கூடும் என்றும், எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றும் அது கூறிற்று. பணி தொடங்கும் ஊரில் வீடெடுத்துத் தங்க இளம் விமானியின் ஊதியம் போதுமா என்ற கேள்வி அந்த விசாரணையில் எழுந்தது. அதன் பின்னரே அமெரிக்காவில் துணை விமானிகளுக்கான பறப்பு அனுபவ வரம்பு 1,500 மணி நேரமாக உயர்ந்தது. ஓய்வு விதிகளும் இறுகின.

பார்த்தீர்களா? ஊதியம், வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள தூரம், உறக்கம் ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். இணைப்பு வந்து, தளம் மாறி, 'இனி உன் பணி தில்லியில்' என்று சொல்லப்படும் சென்னை விமானி என்ன செய்வார்? பிள்ளைகளின் பள்ளியும் பெற்றோரின் மருத்துவமும் சென்னையில் இருக்க, ஒவ்வொரு முறையும் தில்லிக்குப் பயணியாகப் பறந்து, அங்கிருந்து விமானியாகப் பறப்பார். பணிநேரக் கணக்கு தில்லியில்தான் தொடங்கும். அவருடைய உடலின் கணக்கோ வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

நம் நாட்டு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் புதிய விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டு. நடைமுறைக்கு வந்தது 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரு கட்டங்களில். ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் டிசம்பரில் விமானங்கள் நின்றன. இரவு விதிகளில் சில மாதங்களுக்கு விலக்கு தரப்பட்டது. சிற்றுண்டிச் சாலையில் நாங்கள் விமானிகளின் மேல் கோபப்பட்டோம். ஓய்வு கேட்டவர் மேல் வந்த கோபம், ஆள் எடுக்காமல் இருந்தவர் மேல் ஏன் வரவில்லை?

மறுப்புகளுக்கு மறுமொழி

விமானிகள் செய்தவை எல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. இல்லாத நோயைச் சொல்லி விடுப்பு எடுப்பது போராட்டமுமன்று, நேர்மையுமன்று. உண்மையிலேயே காய்ச்சலில் கிடக்கும் தொழிலாளியின் சொல்லையும் அது சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது. 58 நாட்கள் நின்ற விமானங்களில் வளைகுடாவிலிருந்து தாயின் முகம் பார்க்க வரவிருந்த கூலித் தொழிலாளியும் இருந்திருப்பான். அவன் எந்தப் பணிமூப்புப் பட்டியலிலும் இல்லாதவன்.

'கோடிக்கணக்கில் நட்டப்படும் நிறுவனம் ஊதியத்தைக் குறைக்காமல் என்ன செய்யும்?' என்ற கேள்வியும் தள்ளத்தக்கதன்று. குறைக்க வேண்டிய நேரமும் வரும். ஆனால் குறைக்கும்போது எல்லாப் படியிலும் குறைக்க வேண்டும். காரணத்தைக் கணக்கோடு காட்ட வேண்டும். நிலைமை திருந்தியதும் எப்போது திருப்பித் தரப்படும் என்று எழுதித் தர வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை மூன்று. ஒன்று: எந்த நிறுவன இணைப்புக்கும் அரசு ஒப்புதல் தருமுன், பணியாளர்களின் ஒருங்கிணைந்த மூப்புப் பட்டியலை நடுநிலையாளர் ஒருவர் தயாரித்து, ஆட்சேபணை கேட்டு முடித்திருக்க வேண்டும். இரண்டு: உயிர்களைச் சுமக்கும் பணியில் ஊதியத்தின் பெரும்பகுதி உறுதியாக இருக்க வேண்டும், ஓய்வு கேட்பவர் பணம் இழக்கும் நிலை கூடாது. மூன்று: இவ்விரண்டும் விமானியோடு நின்றுவிடக் கூடாது.

மூன்றாவதை ஏன் சொல்கிறேன்?

பெட்டி தூக்குபவரின் பட்டியல்

நான் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த 2023 இல் என் தந்தையாரின் ஒப்பந்ததாரர் மாறினார். பதினான்கு ஆண்டுகளில் அது நான்காவது ஒப்பந்ததாரர். அதே விமான நிலையம், அதே வண்டி, அதே பெட்டிகள். மேலே போட்டுக்கொள்ளும் சட்டை மட்டும் புதிது. முதல் நாள் வரை மாதம் ரூ.16,000 வாங்கியவரைப் புதிதாகச் சேர்ந்த ஆள் என்று எழுதி ரூ.13,500 ஆக்கினார்கள். புதிய நுழைவுச் சீட்டு வரும் வரை பத்தொன்பது நாள் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அப்போதிருந்த 1972 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணி கேட்டது. எந்த ஒப்பந்ததாரரிடமும் அவருக்கு ஐந்தாண்டு நிறையவில்லை. எனவே பதினான்கு ஆண்டும் கணக்கில் பூஜ்யமாயின. அந்தப் பத்தொன்பது நாளும் என் தாயார் இரவு ஒரு மணி வரை தையல் எந்திரத்தை மிதித்தது என் காதில் இன்றும் இருக்கிறது. என் தேர்வுக் கட்டணம் அந்த எந்திரத்திலிருந்து வந்தது.

என் தந்தையாருக்கும் பயண தூரம் உண்டு. நள்ளிரவுப் பணி என்றால் இரண்டு மணிக்குக் கீழ்க்கட்டளையிலிருந்து மிதிவண்டியில் ரேடியல் சாலை வழியாகப் பல்லாவரம் போய், ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பித் திரிசூலம் போவார். மழைக்காலத்தில் சாலையில் முழங்கால் தண்ணீர். அவருக்கும் களைப்பு உண்டு. விமானத்தின் வயிற்றில் எடையை முன்னும் பின்னும் சரியாகப் பிரித்து வைப்பது அவர் கை. அதில் பிழை நேர்ந்தால் நிறைமையம் நகரும். நிறைமையம் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் வகுப்பில் படித்தேன். அவர் படிக்காமலே அறிந்திருக்கிறார்.

இக்கட்டுரையை எழுதி முடித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். விமானிகளின் பகுதி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அவங்க கேட்டது நியாயம்தான். அவங்களுக்காவது லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்துது, அதுல யாரு முந்தின்னு சண்டை போட்டாங்க. எங்க லிஸ்ட்டு எங்கப்பா இருக்கு?" என்றார்.

என்னால் விடை சொல்ல முடியவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரி என்னும் சான்றிதழை வைத்துக்கொண்டு இக்கல்லூரிக்குள் நுழைந்தவர்கள். நாளை நம்மில் ஒருவர் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, இணைப்பு ஒப்பந்தத்துக்கோ ஒப்பந்ததாரர் மாற்றத்துக்கோ கோப்பு தயாரிக்கும் நிலைக்கு வரலாம். விமானங்கள் எத்தனை, வண்டிகள் எத்தனை, கட்டடங்கள் எத்தனை என்று எழுதும் அந்தத் தாளில், மனிதர்களின் ஆண்டுகள் எத்தனை என்றும் ஒரு வரி எழுதுங்கள். மேலே ஓட்டுகிறவருக்கும் எழுதுங்கள். கீழே பெட்டி தூக்குகிறவருக்கும் எழுதுங்கள்.

சிற்றுண்டிச் சாலையில் ஆமாம் போட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தந்தையருக்கு ஓய்வு கிடைக்கவில்லை என்பதற்காக விமானிக்கும் கிடைக்கக் கூடாது என்று கேட்க வேண்டாம். அவருக்குக் கிடைத்ததைக் காட்டி, எங்கள் அப்பாவுக்கும் கொடு என்று கேட்போம்.